காதால் படிக்கும் வயது: கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளும் படப்புத்தகங்களும்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் மலைச்சாலையில், திரிங்காப்பைத் தாண்டியதும் வருகிற ஊர் கோலா தெர்லா. சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பண்ணைகள். முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்கள். சுற்றுவட்டாரத்து மலைகளில் தேயிலை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் தொட்டு, கேமரன் மலையில் காடு திருத்தியதிலும் கன்று நட்டதிலும் கொழுந்து கிள்ளியதிலும் தமிழர்களின் உழைப்பு பெரிது. இன்று கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருப்பவர் வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருக்கக்கூடும். தமிழ்க் குடும்பங்கள் பலவும் பண்ணைக்கும் கடைக்கும் லாரிக்கும் நகர்ந்துவிட்டன. மலையைவிட்டே இறங்கிவிட்டவர்களும் உண்டு. ஆனாலும் ஏழு வயதில் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் எந்தப் புத்தகம் போய்ச் சேர வேண்டும், யார் வழியாகச் சேர வேண்டும் என்பதே இங்கே என் கேள்வி.

அந்தப் பிள்ளை தமிழ் தெரியாமல் பள்ளிக்கு வரவில்லை. ஐயாயிரம் முறை கேட்டுப் பழகிய வாக்கியங்களோடு வருகிறது. "அம்மா பண்ணைக்குப் போயிருக்காங்க, அந்தியிலதான் வருவாங்க" என்று தடுமாறாமல் சொல்லும். பாடநூலைத் திறந்தால் அங்கே அம்மா 'சென்றிருக்கிறார்', 'மாலையில் வருவார்'. வினைச்சொல்லின் வால் வேறு, வேற்றுமை உருபு வேறு, சில இடங்களில் சொல்லே வேறு. எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரும்பாடாக இருக்கும் நேரத்தில், கூட்டி முடித்த சொல்லும் காதுக்குப் புதிதாக ஒலிக்கிறது. நாம் இதைப் 'படிப்பில் பின்தங்கிய பிள்ளை' என்று எழுதிவைக்கிறோம்.

ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு நடைகள் தனித்தனி வேலைகளுக்காக வாழ்வதை இரட்டை வழக்கு என்று மொழியியல் சொல்கிறது. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது. அந்தக் கோட்பாட்டைத் தமிழோடு பொருத்தி ஆராய்ந்து பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் ஒரு முழு நூல் எழுதினார். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் உண்டுதான். ஆனால் அங்கே தொலைக்காட்சிச் செய்தி, மேடைப் பேச்சு, பேருந்து நிலைய அறிவிப்பு, சுவரொட்டி என்று எழுத்துத் தமிழ் நாள் முழுவதும் காதிலும் கண்ணிலும் விழுந்துகொண்டிருக்கிறது. கேமரன் மலையில் கடைப்பலகை மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பேச்சிலேயே பசாரும் கம்போங்கும் கலந்து கிடக்கின்றன. எழுத்துத் தமிழை அந்தப் பிள்ளை கேட்பதற்குக் கோயிலும் வகுப்பறையும் விட்டால் வேறு இடம் அதிகமில்லை.

காலமும் குறைவு. தமிழ்ப்பள்ளி ஆறு ஆண்டுகள்தான். அதே ஆறு ஆண்டுகளில் மலாயும் ஆங்கிலமும் கற்க வேண்டும். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பாடமொழி மலாய். தமிழ் ஒரு பாடமாக மட்டும், அதுவும் நடத்த ஆளிருந்தால், தொடரும். பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாவது ஆண்டை 2016இல் கொண்டாடினோம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. கொட்டகையிலோ கோயில் ஓரத்திலோ நடந்து, கிராணியோ கங்காணியோ வேலை போக மிச்ச நேரத்தில் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அப்போது ஏராளம். அந்தக் காலத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது சிலேட்டும் அரிச்சுவடியும். இன்றைய பிள்ளைக்கு நல்ல கட்டடமும் வண்ணப் பாடநூலும் வள மையமும் இருக்கின்றன. ஆனால் எழுத்துத் தமிழைக் காதாரக் கேட்கும் நேரம் அன்றும் அட்டவணையில் இல்லை, இன்றும் இல்லை.

எழுத்துத் தமிழ் கண்ணுக்கு வருமுன் காதுக்கு வர வேண்டும். அதைக் காதுக்குக் கொண்டுவர இன்று நம்மிடம் இருக்கும் கருவிகளில் சிறந்தது, ஆசிரியர் உரக்க வாசிக்கும் படப்புத்தகம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதற்குச் சான்று வேண்டும், சான்று இருக்கிறது.

முதலில் எதைப் படப்புத்தகம் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான புத்தகத்தில் படம் போடும் வழக்கம் பழையது. கொமேனியஸ் 1658இல் நூரம்பெர்க்கில் வெளியிட்ட படநூல், உலகத்துப் பொருள்களை எல்லாம் வரைந்து எண்ணிட்டுப் பெயர் சொன்னது. நம் அரிச்சுவடியில் 'அ'வுக்கு அம்மாவும் 'ஆ'வுக்கு ஆடும் நிற்பது அந்த வழியில்தான். அங்கே படம் எழுத்துக்கு வேலை செய்கிறது. ஆட்டைப் பார்த்து 'ஆ' நினைவுக்கு வந்தால் படத்தின் வேலை முடிந்தது. படப்புத்தகம் அப்படியில்லை. அதில் கதையின் ஒரு பாதி சொல்லில் இருக்கும், மறுபாதி படத்தில் இருக்கும். ஒன்றை மூடினால் மற்றது நொண்டும். பெரி நோடல்மன் 1988இல் எழுதிய நூலில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார்: சொல் சொல்லாததைப் படம் சொல்வதும், படம் காட்டாததைச் சொல் நிரப்புவதும், சில நேரம் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதும்.

பேட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' என்ற ஆங்கிலப் படப்புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். பண்ணையில் ஒரு கோழி உலாவப் போய்த் திரும்பி வருகிறது. சொல்லில் இருப்பது அவ்வளவே. படத்தில் அந்தக் கோழியின் பின்னால் ஒரு நரி. ஒவ்வொரு முறை பாயும்போதும் அதற்கு ஓர் ஆபத்து: குப்பைவாரியை மிதித்து அடிபடுகிறது, குளத்தில் விழுகிறது, மாவில் மூழ்குகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை.

இதைத் தமிழில் சொல்லி வாசித்துக் காட்டும் வகுப்பில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆசிரியர் கோழியின் நடையை எழுத்துத் தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொல்வார். நரியின் கதையைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கவும் முடியாது. "டீச்சர், பின்னாடி நரி வருது! அத மிதிச்சிடுச்சு, மூஞ்சியிலேயே அடிச்சிருச்சு!" என்று கத்துவார்கள். ஆசிரியர் தலையாட்டிவிட்டு, "ஆமாம், நரி குப்பைவாரியை மிதித்துவிட்டது, அது நரியின் முகத்திலேயே அடித்துவிட்டது" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புவார். திருத்தவில்லை, கண்டிக்கவில்லை, 'அப்படிச் சொல்லக்கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை சொன்னதையே எழுத்துத் தமிழில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பொருள் படத்தில் கண்முன்னே கிடப்பதால் 'மிதித்துவிட்டது' என்ற வடிவத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு தமிழும் ஒரே படத்தின் மேல் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இலக்கணப் பாடத்தில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டிய உறவை, பிள்ளையின் காது தானாகவே பிடித்துக்கொள்கிறது.

பிள்ளை சொன்னதை வாங்கி, சற்று விரித்துத் திருப்பிச் சொல்லும் இந்த முறைக்கு ஆய்வுப் பின்னணி உண்டு. குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு மாத காலத்துக்குச் சில மாற்றங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். 'ஆமா, இல்ல' என்று பதில் வரும் கேள்வியை விட்டு 'என்ன, எங்கே, ஏன்' என்று கேட்பது. பிள்ளையின் பதிலை விரித்துச் சொல்வது. மெல்ல மெல்லப் பிள்ளையையே கதைசொல்லியாக்குவது. ஒப்பிட்ட மற்றக் குடும்பங்களும் அதே அளவு அடிக்கடி வாசித்தவைதான். ஆனால் மொழி வெளிப்பாட்டில் இந்தப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். வாசித்தோமா என்பதோடு, எப்படி வாசித்தோம் என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான சான்று ஃபிஜித் தீவிலிருந்து வருகிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் கப்பலேறிப் போன அதே ஃபிஜி. 1980களின் தொடக்கத்தில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் அங்கே நாட்டுப்புறப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1983இல் அது வெளிவந்தது. புத்தகமே அரிதாக இருந்த எட்டுப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு, ஒவ்வொரு வகுப்புக்கும் 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் போயின. பெரும்பாலும் படங்கள் நிறைந்தவை. 380 பிள்ளைகள். பாதி வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டிப் பிள்ளைகளோடு பேசினார். மறுபாதியில் பிள்ளைகள் தாமே அமைதியாக வாசித்தார்கள். வேறு நான்கு பள்ளிகளைச் சேர்ந்த பிள்ளைகள் வழக்கம்போல வாக்கிய அமைப்புகளைச் சொல்லிச் சொல்லிப் பயிலும் பாடத்திட்டத்திலேயே இருந்தார்கள். எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, கதைப்புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசித்துப் புரிவதிலும் கேட்டுப் புரிவதிலும் வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். இருபது மாதத்தில் அந்தப் பலன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியிருந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டுமொழி இல்லை. ஆகவே இது தாய்மொழிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்பது என் துணிவு. கேமரன் மலைப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ், பாதி தாய்மொழி, பாதி புதுமொழி. புதுமொழியைப் பயிற்சி வாக்கியங்களால் ஊட்டுவதைவிடக் கதையால் ஊட்டுவது பலன் தந்தது என்றால், அந்தப் பாதிக்கு அது பொருந்தத்தான் வேண்டும். சிங்கப்பூர் 1985இல் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த வாசிப்புத் திட்டமும், ஆசிரியர் பெரிய புத்தகத்தைப் பிள்ளைகள் முன் வைத்து வாசித்துக் காட்டும் இதே முறையில் அமைந்ததுதான். நம்மைப் போலப் பல மொழி புழங்கும் பக்கத்து நாட்டில் நடந்தது அது.

எல்லி நியூசிலாந்தில் செய்து 1989இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைத் தலைமையாசிரியர்கள் எல்லாரும் அறிந்திருந்தால் நன்று. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கதையைப் பல முறை வாசித்துக் காட்டி, கதையில் வந்த புதிய சொற்களில் எத்தனை மனத்தில் நின்றன என்று பார்த்தார். வெறுமனே வாசித்ததில் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னேற்றம். வாசிக்கும்போதே படத்தைச் சுட்டியோ, நடித்துக் காட்டியோ, வேறு சொல்லால் சொல்லியோ ஓரிரு நொடி விளக்கிய வகுப்புகளில் ஏறத்தாழ 40. தொடக்கத்தில் குறைந்த சொற்களோடு வந்த பிள்ளைகளும் மற்றவர்களுக்குக் குறையாமல் பயன் பெற்றார்கள். கடைசியாகச் சொன்ன அந்தச் செய்திதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வகுப்பில் செய்யும் பல நல்ல காரியங்கள், ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளையை இன்னும் மேலே கொண்டுபோய், மற்றப் பிள்ளைகளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகின்றன. வாசித்துக் காட்டுவதில் அந்தக் குறை இல்லை.

படப்புத்தகத்துக்கு எல்லையும் உண்டு. மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட்-ஓபினும் 2005இல், கதை கேட்கும் பிள்ளைகளின் கண்ணசைவைக் கருவியால் பதிவுசெய்து பார்த்தார்கள். கண் பெரும்பாலும் படத்திலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் மிகக் குறைவாகவே போனது. ஆகவே படப்புத்தகம் வாசித்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். 247 எழுத்துகளையும் அவற்றின் கொம்பையும் காலையும் சுழியையும் தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்துமுறையை முழுவதுமாகக் கைவசப்படுத்த முதல் ஓரிரண்டு ஆண்டுகள் போதுவதில்லை என்று காட்டுகிறது. அந்த நீண்ட இடைவெளியில் பிள்ளையின் கண் படிக்கக்கூடியது 'பட்டம் பறந்தது' அளவுதான்; காதும் மனமும் ஏற்கக்கூடியதோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. கண் வந்து சேரும்வரை காதைப் பட்டினி போட்டால், மூன்றாம் ஆண்டில் எழுத்து தெரிந்த பிள்ளைக்கு வாக்கியம் தெரியாமல் போகும். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள்: ஒரு சொல் பிசகாமல் உரக்கப் படித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கும்.

புத்தகத்தின் மொழி, பேச்சைவிடச் சொல்வளம் மிகுந்தது என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஜெசிகா மான்டாகும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் நூறு ஆங்கிலப் படப்புத்தகங்களின் சொற்களைப் பெற்றோர் பிள்ளைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். ஒரே அளவு பேச்சில் வருவதைவிடப் புத்தகத்தில் வேறுவேறான சொற்கள் அதிகம். இரட்டை வழக்கு அவ்வளவாக இல்லாத ஆங்கிலத்திலேயே இப்படி என்றால், தமிழில் அந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல், 150 மாணவருக்குக் குறைந்த சிறிய பள்ளிகள். 30 பேருக்கும் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்தும் ஏற்பாடும் இருக்கிறது. மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு இது புதிய சேதி இல்லை. குறைந்த எண்ணிக்கையைப் பற்றி நாம் பெரும்பாலும் கவலையோடுதான் பேசுகிறோம். வாசித்துக் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் அரைவட்டமாக உட்கார்ந்தால் எல்லாருக்கும் படம் தெரியும், எல்லாருக்கும் பேச வாய்ப்பு வரும். முப்பத்தைந்து பேர் நிறைந்த நகரத்து வகுப்பில் இது நடக்காது. இணைந்த வகுப்பில் பாடநூல் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு குழு எழுதும்போது மறு குழுவுக்குப் பாடம் நடக்கும். படப்புத்தகத்தை இரு குழுவும் ஒன்றாகக் கேட்கலாம். ஏழு வயது நரியைக் கண்டுபிடிக்கும்; எட்டு வயது, கோழிக்கு நரி வருவது தெரியுமா தெரியாதா என்று வாதாடும்.

எப்படி வாசிப்பது என்பதில் சில கைப்பழக்கங்கள் உண்டு. புத்தகத்தை மடியில் வைத்துத் தலைகுனிந்து வாசித்துவிட்டு, முடிந்தபின் படத்தைச் சுற்றிக் காட்டுவது பலரும் செய்வது. அதில் சொல்லும் படமும் பிரிந்துவிடுகின்றன. புத்தகம் தோளுயரத்தில், பிள்ளைகளைப் பார்த்துத் திறந்தபடி இருக்க வேண்டும். ஆசிரியர் பக்கவாட்டில் கண்ணைச் செலுத்தி வாசிக்க வேண்டும். அதற்கு முந்தின நாளே இரண்டு தடவை படித்து வைத்திருந்தால்தான் முடியும். முதல் வாசிப்பில் அதிகம் நிறுத்தக்கூடாது. கதை ஓட வேண்டும். இரண்டாவது நாள் கேள்வியும் விளக்கமும். மூன்றாவது நாள் பிள்ளைகளே முந்திக்கொண்டு அடுத்த வரியைச் சொல்வார்கள். அப்போது அவர்கள் வாயில் வருவது எழுத்துத் தமிழ். 'போயிடுச்சு' என்று பேசும் பிள்ளை, அந்தப் பக்கத்தில் மட்டும் 'போய்விட்டது' என்று பிசகாமல் சொல்லும். யாரும் கற்பிக்காமல் வந்த அந்த வடிவத்தின் மேல்தான் எழுத்தைச் சுட்டிக்காட்டிப் படிக்க வைக்க வேண்டும். டான் ஹோல்டவே 1979இல் நியூசிலாந்தில் விளக்கிய பெரும்புத்தக முறையின் உயிர் இதுதான்: முதலில் குரல், பிறகு மனப்பாடம், பிறகு விரல் வைத்துப் படிப்பு.

இங்கேதான் நம் நிலாம் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களின் இறுதியில் தொடங்கிய அந்த வாசிப்புத் திட்டம், பள்ளிப்பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் திருப்பியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எண்ணிக்கையில் நிற்கிறது. இத்தனை புத்தகத்துக்கு வெண்கலம், இத்தனைக்கு வெள்ளி, இத்தனைக்குத் தங்கம். பதிவேடு இணையத்துக்குப் போன பிறகும் தலைப்பு, ஆசிரியர், பக்க எண், சுருக்கம் என்ற வரிசை மாறவில்லை. பத்து வயதுக்கு மேல் அது தகும். முதலாம் ஆண்டில், ஒரே புத்தகத்தை ஐந்து முறை கேட்ட பிள்ளை பதிவேட்டில் ஒரு புத்தகம் படித்த பிள்ளையாகத் தெரிகிறது; ஐந்து மெல்லிய புத்தகங்களின் அட்டையைப் பார்த்து எழுதிய பிள்ளை முந்திவிடுகிறது. ஆய்வுகள் திரும்பத் திரும்ப வாசிப்பதைச் சொல்ல, நம் கணக்கு அதைத் தண்டிக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது வேறு கணக்கு வேண்டும்: எந்தக் கதையை வகுப்பு மூன்று முறை கேட்டது, எந்தப் பிள்ளை அதைப் படத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னது.

தமிழில் படப்புத்தகம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், இருபதாண்டுக்கு முன் திணறியிருப்போம். இன்று நிலைமை வேறு. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா, 1996இல் தொடங்கிய தூலிகா, 2004இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் ஆகியவை படப்புத்தகத்தைக் கலையாக மதித்துச் செய்பவை. தூலிகா ஒரே புத்தகத்தைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. பிரதம் 2015 செப்டம்பரில் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது. இலங்கையில் ரூம் டு ரீட் அமைப்பு சிங்களத்திலும் தமிழிலும் பிள்ளைகளுக்கான படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது.

புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. வள மையத்தில் பளபளப்பான புத்தகங்களைக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டி வைத்திருப்பதை மலேசியாவில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். கிழிந்துவிடும் என்ற பயம். படப்புத்தகம் கிழிய வேண்டியது. மூன்று ஆண்டில் கிழியாத படப்புத்தகம் வாசிக்கப்படாதது. பொது நூலகத்தில் கதைநேரம் வைத்தால், அந்தப் பயம் இல்லாத ஓர் இடம் கிடைக்கும். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் தமிழ்க் கதைநேரம் நடக்கிறது. பெற்றோரும் உடன் உட்கார்ந்து கேட்கிறார்கள். கேட்ட பெற்றோர் வீட்டுக்குப் போய் அதேபோல வாசித்துப் பார்ப்பார்கள் என்பதுதான் அதன் மறைமுக லாபம். கேமரன் மலையில் பெற்றோர் பண்ணையிலிருந்து திரும்பும் நேரத்தையும் மலைப்பாதையின் தூரத்தையும் பார்த்தால், தானா ராத்தா நகரத்துக்கு வரச்சொல்வதைவிடக் கோயில் மண்டபத்திலோ பாலர் பள்ளியிலோ ஞாயிறு காலை கதைநேரம் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் தாலாட்டும் கதையும் சொல்லிப் பிள்ளை பார்த்த பாட்டிகளின் பழக்கம் இந்தச் சமூகத்துக்குச் சொந்தமானது. படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். எழுத்தில்லாப் படப்புத்தகங்கள் அதற்கென்றே இருக்கின்றன.

ஆனாலும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் புத்தகங்களில் ஆட்டோ இருக்கும், மாமரம் இருக்கும், மாட்டுப்பொங்கல் இருக்கும். லேண்ட் ரோவரும் முட்டைக்கோசும் பனியில் மறையும் தேயிலை வரிசையும் இருக்காது. அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல், பிள்ளைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். வேறு உலகத்தைக் காட்டும் புத்தகங்கள் நமக்கு வந்து சேர்கின்றன. தன்னைக் காட்டும் புத்தகத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். அது கடினமில்லை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், அந்தப் பிள்ளைகள் சொன்ன சொற்களைக் கொண்டே வாசிப்புப் புத்தகம் செய்தார். 1963இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். நம் வகுப்பில் மாஜோங் தாளும் மார்க்கர் பேனாவும் இருந்தால் போதும்.

அப்படிச் செய்யும்போது ஒரு சிக்கல் உடனே எழும்: பிள்ளை சொன்னதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுவதா, எழுத்துத் தமிழில் மாற்றுவதா? இதற்குத் தமிழ்ப் புனைகதை எப்போதோ விடை கண்டுவிட்டது. புதுமைப்பித்தனும் கி. ராஜநாராயணனும் கதாபாத்திரத்தைத் தன் பேச்சில் பேசவிட்டார்கள். கதையை நடத்திப்போகும் வாக்கியம் எழுத்துத் தமிழில், பேசுபவர் வாய்ச்சொல் பேச்சுத் தமிழில் என்ற ஏற்பாடு இன்றைய சிறுகதையின் பொது வழக்கு. பிள்ளைகளுக்கான புத்தகத்தில் மட்டும் பூனையும் யானையும் மேடைத் தமிழில் பேசிக்கொள்கின்றன. இதை மாற்ற நம் வகுப்பிலேயே தொடங்கலாம். தாளின் கீழே 'அப்பா லேண்ட் ரோவரை நிறுத்தினார்' என்று ஆசிரியர் எழுதட்டும். படத்தில் அப்பாவின் வாயருகே குமிழி போட்டு, "ஏய், ஏறு ஏறு, மழ வருது!" என்று பிள்ளை சொன்னபடியே எழுதட்டும். இரண்டு தமிழும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று துரத்தாமல் இருக்கும். பிள்ளை குமிழியை முதலில் படிக்கும். அது தெரிந்த ஒலி என்பதால் எழுத்து வேகமாகக் கூடும். அந்தத் தெம்பில் கீழ்வரிக்கு வரும்.

எட்டுத் தாள், இரண்டு பிள்ளைக்கு ஒரு படம், ஓரத்தில் நூல் தையல். அட்டையில் வகுப்பின் பெயரையும் ஆண்டையும் எழுதி, வள மையப் பதிவேட்டில் எண் போட்டு, தூலிகா புத்தகங்கள் இருக்கும் அதே தட்டில் வைக்கலாம். இணைந்த வகுப்பாக இருந்தால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதை முதலாம் ஆண்டுக்கு வாசித்துக் காட்டுவார்கள். புத்தகத்தைத் தோளுயரத்தில் பிடிக்கும் பழக்கத்தையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், வாரத்தில் இரண்டு நாள் கதைநேரத்துக்குத் தனி ஆள் தேட வேண்டியதில்லை.